முதல் கேமிங் பிசி: மட்டக்களப்பில் வாங்குவதென்றால் 5600ஜியா, ஐ3யும் விஜிஏவுமா?

ஓஎல் சோதனை முடிந்த கையோடு பல வீடுகளில் கேமிங் பிசிக் கதை தொடங்கிவிடும். காசு வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் குறைந்த காசில் புதிதாகப் பூட்டுவதென்றால் கடைசியில் வந்து நிற்கிற இடம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, விஜிஏ (கிராஃபிக்ஸ்) கார்டே இல்லாமல் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி சிப். மற்றது, இன்டெல் ஐ3 12100எஃப் சிப், கூடவே பாவித்த ஒரு விஜிஏ. கொம்பனிகளில் கழித்துவிட்ட பழைய டெல், எச்பி பெட்டிகள் மூன்றாவது வழி. அதற்குப் பிறகு வருவோம்.

யூடியூபில் தீர்ப்பு ஒரே வரியில் முடிந்துவிடும்: ஐ3யும் கார்டும் போடு, எஃப்பிஎஸ் (ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்ற கணக்கு) கூட. அது உண்மைதான். ஆனால் அந்த வீடியோ போடுகிறவருக்கு அடுத்த தெருவிலேயே கடை இருக்கும். நாம் டவுனிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ வாங்கினாலும் வொரண்டிக்குக் கொடுத்த சாமான் அநேகமாகக் கொழும்புக்குப் போய்த்தான் திரும்பும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நேரே வாங்கியவருக்கு இராப் பஸ் பயணம். அதனால் இங்கே எஃப்பிஎஸ்சோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது: ஒரு சாமான் திருத்தப் போயிருக்கும் நாட்களில் மெஷின் ஓடுமா, ஓடாதா?

முதலில் 5600ஜி. 2021இல் வந்தது, 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராஃபிக்ஸ். வெலோரன்ட் கேம் 1080பியில் (முழு எச்டி) செட்டிங்கைக் குறைத்தால் 100 எஃப்பிஎஸ்சைத் தாண்டும். ஜிடிஏ 5 நோர்மல் செட்டிங்கில் 60ஐ ஒட்டி ஓடும். சைபர்பங்க் 2077 மாதிரி ஒன்றைப் போட்டால் 720பிக்கு இறங்கியும் மூச்சு வாங்கும். பந்து விளையாட்டும் வெலோரன்டும்தான் வேண்டும் என்பவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பழுதாகக்கூடிய சாமானிலும் ஒன்று குறைவு.

ஆனால் இந்த சிப்புக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: அதற்கென்று தனி மெமரி கிடையாது, ராமில் இருந்துதான் கடன் வாங்கும். அதனால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டே ஆக வேண்டும். ஒற்றை ஸ்டிக்கில் டூவல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடுவது) இல்லாமல் எஃப்பிஎஸ் கண்முன்னே விழும். கடைக்காரர் “ஒரே ஸ்டிக்கில் 16 தாறன், பிறகு கூட்டலாம்” என்றால் இந்த மெஷினுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளத் தொடங்கிய பிறகு ராம் விலை உலகம் முழுக்க ஏறியதை எல்லாரும் பார்த்தோம். அந்த ஏற்றம் அதிகம் சுடுவது 5600ஜிக்காரரைத்தான். தனிக் கார்ட் போடுபவர் 8 ஜிபி ஒரு ஸ்டிக்கோடு தொடங்கி, காசு சேர்ந்ததும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். கார்டில் அதன் சொந்த மெமரி இருக்கிறது.

இனி ஐ3. 12100எஃப் 4 கோர், 8 த்ரெட்தான். கார்ட் ஒன்று பூட்டிவிட்டால் பெரும்பாலான கேம்களில் 5600ஜிக்கு ஈடாகவே நிற்கும். கோர் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என் சண்டை அந்த ‘எஃப்’ எழுத்தோடுதான். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கார்ட் செத்த அன்றைக்கு மொனிட்டரில் ஒன்றும் வராது. பிசி மொத்தமும் மேசையில் சும்மா கிடக்கும். எஃப் இல்லாத சாதாரண 12100இல் யூஎச்டி 730 இருக்கிறது. அதில் வெலோரன்ட் ஏதோ ஓடும், தம்பி தங்கையின் ஸூம் வகுப்பும் நடக்கும். கொழும்பில் இருக்கிறவர் அந்த விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கட்டும். இங்கே இருக்கிறவர் அதைக் கொடுத்துவிடுவதுதான் நல்லது. கார்டுக்கு இப்போது காசு போதாதவருக்கும் இது வசதி: மெஷினை முதலில் பூட்டி ஓடவிட்டு, நல்ல கார்ட் கிடைக்கும் வரை பொறுத்திருக்கலாம்.

பாவித்த கார்ட் வாங்குவதுதான் ஆபத்தான இடம். மலிவில் முதலில் கண்ணில் படுவது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. 2017இல் வந்த கார்ட். அதிலும் ‘2048எஸ்பி’ என்று ஒரு வகை சீனச் சந்தைக்காக வந்தது. அசல் 580இல் 2304 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சின்னக் கோர்கள்). இதில் 2048, அதாவது உண்மையில் 570இன் அளவு. பெட்டியிலும் விளம்பரத்திலும் 580 என்றே இருக்கும். ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விற்கிறவர் திறக்க விடாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டுகளும் இந்தக் கூட்டத்தில் நிறைய. பின்பக்க இரும்புத் தகட்டிலும் ஆணிகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லடிப் பக்கம் கடல் காற்றில் ஃபேன் கம்பி எப்படி ஆகிறது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம், 580க்கும் 5600ஜியின் வேகாவுக்கும் 2023 முதல் ஏஎம்டி தனிக் கிளையில், தேவையானபோது மட்டுமே டிரைவர் (கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள்) வெளியிடுகிறது. புதுக் கேம் வந்த அன்றே அதற்கேற்ற டிரைவரை எதிர்பார்க்க முடியாது.

காசைக் கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட். வேகத்தில் 580ஐ நன்றாகவே தாண்டும். 580 கேட்பது 185 வாட். கச்சான் வீசுகிற மாதங்களில் சீட் கூரைக்குக் கீழே பின்னேரம் விளையாடியவருக்கு இந்த 50 வாட்டின் அர்த்தம் புரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைப் பற்றி ஒரே வரி: 4 ஜிபி, மதர்போட்டோடு பேசும் பிசிஐஇ பாதையிலும் நாலே லேன், பழைய பிசிஐஇ 3இலேயே நிற்கும் 5600ஜியோடு அதைச் சேர்க்கவே வேண்டாம்.

கரண்ட் விஷயத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றில்லை. 650 விஏ என்று எழுதிய யூபிஎஸ் 650 வாட் தராது. பெரும்பாலும் 360 வாட்டை ஒட்டித்தான். ஐ3, 580, மொனிட்டர் எல்லாம் சேர்ந்து கேம் நடுவில் 300ஐ நெருங்கும். கரண்ட் போனால் சேவ் பண்ணி மூடுவதற்கே அவசரப்பட வேண்டும். கார்ட் இல்லாத 5600ஜி அதில் பாதிக்குள் அடங்கிவிடும். கேசிங்கோடு இலவசமாக வரும் பேரில்லாத பவர் சப்ளையை 5600ஜிக்குக்கூட நான் போட மாட்டேன். கார்டோடு என்றால் பேச்சே இல்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு எந்த யூபிஎஸ்சையும் நம்ப வேண்டாம். பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி வையுங்கள்.

சரி, பழைய ஒபிஸ் பெட்டி. விலையில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஐ5 நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை என்று விற்கிறவை விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. வெலோரன்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். ஆகவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஒல்லிப் பெட்டியும் வேண்டாம்: குட்டைக் கார்ட் மட்டும்தான் உள்ளே போகும், பவர் சப்ளையும் அந்தக் கொம்பனிக்கே உரிய அளவில் இருக்கும், பழுதானால் எந்தக் கடையிலும் சட்டென்று கிடைக்காது. டவர் கிடைத்தால் தனியாகப் பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைச் சொருகலாம். அந்தக் கார்டுக்கு 75 வாட் போதும்.

பின்னால் கூட்டுவதைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். 5600ஜி பூட்டும் ஏஎம்4, ஐ3 பூட்டும் எல்ஜிஏ 1700 இரண்டுமே பழைய சொக்கெட்டுகள்; இரண்டிலும் இன்னும் ஒரு படி ஏறலாம், அதற்கு மேல் இல்லை. அதை வைத்து முடிவெடுக்க ஒன்றும் இல்லை. மதர்போட் வாங்கும்போது மட்டும் கவனம்: ஐ3க்கான எச்610 போட் டிடிஆர்4 ராமுக்கும் வருகிறது, டிடிஆர்5 ராமுக்கும் வருகிறது. டிடிஆர்4 என்று கேட்டு வாங்குங்கள்.

வெலோரன்ட், இஃபுட்போல் அளவில் நிற்பவருக்கு 5600ஜியும் இரண்டு ஸ்டிக்கும். ஜிடிஏயும் அதற்கு மேலும் என்றால் எஃப் இல்லாத 12100, நல்ல பவர் சப்ளை, கிடைக்கும்போது 6600. கார்ட் வாங்கக் காசு பத்தாத மாதத்தில் 580ஐ அவசரப்பட்டு வாங்குவதைவிட யூஎச்டி 730லேயே இரண்டு மாதம் ஓட்டலாம். பில் எழுதும்போது வொரண்டி எத்தனை நாள் என்று பாருங்கள். ஒரு வருட வொரண்டிக்கு 350 நாள் என்று போடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு.