முதல் பாதி 'லாக்' விற்கும் டெலிகிராம் ஆசாமி: உஷார் மக்களே

நியூஜெர்சியில் உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) பார்த்து பெட் கட்டுகிற நம்ம ஆட்களுக்காக எழுதுகிறேன். டெலிகிராமில் ஒருத்தன் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு ஆட்டத்தின் முதல் பாதிக்கு மட்டும் 'லாக்', அதாவது 'இது கட்டாயம் ஜெயிக்கும்' என்கிற பெட் டிப், அனுப்புகிறான். பெயர் சொல்லிப் பயனில்லை, குரூப் பெயரை அடிக்கடி மாற்றிவிடுகிறான்.

பேச்சு நியாயமாகத்தான் இருக்கும். 2018 ஜனவரியில் நடந்த காலேஜ் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை எடுத்துவிடுவான்: இடைவேளையில் ஜார்ஜியா 13-0 என்று முன்னால் இருந்தது, அலபாமா குவார்ட்டர்பேக்கை (பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரரை) மாற்றி ஓவர்டைமில் 26-23 என்று ஜெயித்தது, ஜார்ஜியா மேல் முதல் பாதிக்குக் கட்டியவனுக்கு மட்டும் காசு அப்போதே கைக்கு வந்தது என்பான். சரிதான். ஆனால் வெறும் 30 நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபம்பிள் (பந்து கைநழுவுவது) ஆகிவிட்டால் ஈடுகட்ட நேரம் இருக்காது, அதை மட்டும் சொல்ல மாட்டான்.

இவனுடைய வெற்றிக் கணக்கு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். மெசேஜில் ஒரு டீமுக்கு -6.5 என்று போடுவான், அதாவது அது 7 புள்ளியாவது முன்னால் இருந்தால்தான் பெட் ஜெயிக்கும். நாம் பெட் ஆப்பைத் திறக்கும்போது அந்த எண், அதாவது லைன், -7.5 ஆகியிருக்கும், இப்போது 8 புள்ளி வேண்டும். ஒரு ஆட்டத்தில் இடைவேளையில் அந்த டீம் 14-7 என்று முன்னால் இருந்தது. எனக்குப் பணம் போச்சு, அவன் குரூப்பில் பச்சை டிக்! கேட்டால் "லேட்டா போட்டா நான் என்ன பண்றது ப்ரோ" என்றான்.

இதையாவது விட்டுவிடலாம். எடிசனில் இருக்கும் நண்பரும் சந்தா கட்டியிருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது, இரண்டு போனையும் டீக்கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே ஆட்டம், ஒரே முதல் பாதி, எனக்கு -3.5, அவருக்கு எதிர் டீம் +3.5 (3 புள்ளி வரை பின்னால் இருந்தாலும் பெட் ஜெயிக்கும்), இரண்டிலும் கீழே 'இந்த வார லாக்'. பாதிப் பேருக்கு ஒரு பக்கம், மீதிப் பேருக்கு மறுபக்கம் அனுப்பினால் எப்படியும் பாதிப் பேர் அவனைத் தெய்வம் என்பார்கள், அடுத்த மாதச் சந்தாவும் வந்துவிடும். இவனுக்கு ஃபுட்பாலே தெரிய வேண்டியதில்லை. வழக்கமான விலையில் 110 டாலர் கட்டினால்தான் 100 லாபம், அதாவது நூற்றுக்கு 53 தடவையாவது ஜெயித்தால்தான் கைக்காசு தப்பும். சந்தா அதற்கு மேல்.

அப்புறம் நியூஜெர்சிப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் விஷயம். நியூஜெர்சிக் கல்லூரி அணிகள் மேல் இந்த மாநிலத்தில் பெட் கட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை, லைசென்ஸ் உள்ள ஆப்பில் அந்த ஆட்டமே தெரியாது. இவன் ரட்கர்ஸ் முதல் பாதி பிக் அனுப்பி, கூடவே வெளிநாட்டு சைட் ஒன்றின் லிங்க்கும் கொடுத்தான், கிரிப்டோவில் மட்டும் டெபாசிட். இந்த மாதிரி சைட்கள் பல, ஆள் பிடித்துக் கொடுப்பவனுக்கு அந்த ஆள் தோற்கிற பணத்தில் பங்கு தருகின்றன. நமக்கு 'லாக்' கொடுக்கிறவனே நாம் தோற்றால் சம்பாதிக்கிறான் என்றால் எப்படி? அங்கே பணம் மாட்டினால் மாநில அதிகாரிகளிடம் புகார் கொடுத்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்த சைட் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

எங்கள் இரண்டு போனிலும் வந்த மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் குரூப்பில் போட்டேன், உடனே என்னைத் தூக்கிவிட்டான். சந்தாவை கார்டில் கட்டியவர்கள் மெசேஜ்களை இப்போதே சேமித்து வைத்து பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள், கிரிப்டோவில் அனுப்பியவர்களுக்கு அந்த வழியும் கிடையாது.