பூட்கேம்ப் தரும் ‘புராஜெக்ட் அனுபவம்’: ரெஸ்யூமேயில் போடும் முன் இதைப் படியுங்கள்

பூட்கேம்பில் (சில வாரங்களில் சாஃப்ட்வேர் வேலைக்குத் தயார்செய்யும் பயிற்சியில்) படிப்பவர்களும் சேர யோசிப்பவர்களும் நான் பட்டதைப் படக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு 12 வாரப் பயிற்சி. கடைசி 3 வாரம் ஆளுக்கொரு புராஜெக்ட் என்றார்கள். உண்மையில் பேட்ச் முழுக்க ஒரே ஆன்லைன் கடைதான் செய்தோம். முக்கால்வாசி கோடு (நிரல்) அவர்கள் கொடுத்த ரெப்போவிலேயே, அதாவது கோடு வைக்கும் தொகுப்பிலேயே, இருந்தது. மீதியை ட்ரெய்னர் திரையில் அடிக்க அடிக்க, நாங்கள் பார்த்து அடித்தோம்.

பயிற்சி முடிந்ததும் ப்ளேஸ்மென்ட் பிரிவில் ஒரு ரெஸ்யூமே மாதிரி வந்தது. அதில் அந்த ஆன்லைன் கடை ‘வாடிக்கையாளர் புராஜெக்ட்’ ஆகியிருந்தது. 3 வாரம் 18 மாத அனுபவமாகியிருந்தது. அதற்கு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். கடிதத்தில் இருந்த கம்பெனி அவர்களே பெயருக்கு வைத்திருப்பது.

“மேடம், இது பொய்யாச்சே?” என்று கேட்டேன். “எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. ஃப்ரெஷர்னு போட்டா திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க” என்றார். வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில் சரி என்றுவிட்டேன். அந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. அந்தக் கடையில் தேடல் பெட்டி மட்டும் நானாகச் சரிசெய்தது. ஒவ்வோர் எழுத்து அடிக்கும்போதும் சர்வருக்கு ஒரு கோரிக்கை போய்க்கொண்டிருந்தது. அடிப்பதை நிறுத்தி 300 மில்லி செகண்ட் ஆன பிறகே போகும்படி மாற்றியிருந்தேன். ரெஸ்யூமேயில் அதை ஒரு வரி எழுதியிருந்தேன். “சின்ன விஷயம்” என்று அடித்துவிட்டு, ‘முழு ஆர்க்கிடெக்சரையும் வடிவமைத்தேன்’ என்று போடச் சொன்னார்கள்.

முதல் இன்டர்வியூ. எதிரில் இருந்தவர் என் கிட்ஹப் பக்கத்தை, அதாவது நான் கோடு ஏற்றி வைத்திருக்கும் இணையப் பக்கத்தை, திரையில் திறந்தார். மொத்தம் 3 கமிட் (தேதியோடு பதிவாகும் கோடு மாற்றம்). முதல் கமிட்டிலேயே ஆயிரக்கணக்கான வரிகள். 18 மாத வேலை ஒரே நாளில் வந்து விழுந்திருந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு ஃபைலைத் திறந்து, “இந்த யூஸ்எஃபெக்டில் ஏன் காலி அரே கொடுத்தீங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. யூஸ்எஃபெக்டில் எழுதும் கோடு எது மாறினால் மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் அந்த அரே. அதைக் காலியாகக் கொடுத்தால் பக்கம் முதலில் திறக்கும்போது ஒரு முறைதான் அது ஓடும். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் போனால் முகவரி மாறும், திரையில் பழைய பொருளே நிற்கும். பார்த்து அடித்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

அப்புறம் ஒரு ஃபங்ஷன் பெயரைக் காட்டினார். ‘ரிசீவ்’ என்பதன் ஸ்பெல்லிங்கில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. “இதே பிழையோட இந்த வாரம் நீங்க மூணாவது ஆள்” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பூட்கேம்ப் நிறுவனத்தில் போய்ச் சொன்னேன். கமிட் தேதியை முன்தேதியிட்டு மாற்றும் கட்டளையைச் சொல்லிக் கொடுத்தார்கள்! கமிட்டுகளைப் பதிவு செய்யும் ‘கிட்’ மென்பொருளில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதிகள் உண்டு, எழுதிய தேதியும் கமிட் செய்த தேதியும். அவர்கள் சொன்ன வழியில் முதலாவது மட்டுமே மாறும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரிடம் மறுபடியும் மாட்டியிருப்பேன். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ‘இத்தனை சதவீதம் பேருக்கு வேலை’ என்ற எண்ணை வைத்துத்தான் அடுத்த பேட்ச் நிரம்புகிறது. அந்த எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்காவில் ப்ளூம்டெக் என்ற பூட்கேம்ப் 71 முதல் 86 சதவீதம் என்று விளம்பரம் செய்தது. முதலீட்டாளர்களிடம் சொன்ன கணக்கு 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024-இல் நடவடிக்கை எடுத்தது.

இப்போது என் ரெஸ்யூமேயில் ‘பயிற்சிப் புராஜெக்ட், 3 வாரம்’ என்றே இருக்கிறது. அடிப்படைக் கோடு நிறுவனம் கொடுத்தது என்றும் எழுதியிருக்கிறேன். அதன் கீழே தேடல் பெட்டி, அந்தக் கமிட்டின் இணைப்பு, இன்னும் சரிசெய்யாத ஒரு குறை. அடுத்த இன்டர்வியூவில் அந்த 300 மில்லி செகண்டைப் பற்றியே 20 நிமிடம் பேசினோம். ஏன் 300, ஏன் 1,000 இல்லை, பழைய கோரிக்கையின் பதில் தாமதமாக வந்து புதியதை மூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாது என்றேன். அவரே விளக்கினார். வேலையும் கிடைத்தது.

உங்கள் ரெஸ்யூமேயில் அப்படி ஒரு கடிதம் ஏற்கெனவே ஏறியிருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு வேலையில் சேர்ந்த பிறகும் நடக்கும். சேர்ந்த வேலையும் போகும். இனிமேல்தான் சேரப் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன் பழைய மாணவர்கள் மூன்று பேரின் கிட்ஹப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றிலும் ஒரே கடை இருந்தால் கட்டாதீர்கள்.