டாகோ கபானாவா, டாகோ புவேனோவா? டோர்ட்டியாவைப் பார்த்து முடிவெடுங்கள்

இரண்டுமே அமெரிக்காவின் டெக்சஸில் பிறந்த, மெக்சிகன் பாணி துரித உணவுக் கடைகள். புவேனோ 1967-இல் அபிலீனில் தொடங்கியது, கபானா 1978-இல் சான் அன்டோனியோவில். விலையும் டிரைவ்-த்ரூ வேகமும் கிளைக்குக் கிளை மாறும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம். டாகோவை மடிக்கும் தட்டை ரொட்டியான டோர்ட்டியாவை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கபானாவுக்கு.

கபானாவில் மைதா டோர்ட்டியாவைக் கடையிலேயே சுடுகிறார்கள். மைதா, கொழுப்பு, உப்பு, வெந்நீர், சிட்டிகை பேக்கிங் பவுடர் என்று பார்த்தால் நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். மாவை உருண்டை பிடித்து ஊறவிட்டு, தட்டையாக்கிச் சூடான கல்லில் போட்டால் அங்கங்கே கொப்புளம் எழும்பி, பழுப்புப் புள்ளி விழும். ஆனால் இந்த மென்மை ரொம்ப நேரம் நிற்காது. ஆற ஆற மாவிலுள்ள ஸ்டார்ச் இறுகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகி, மடிக்கும்போது விரிசல் விடும். பாக்கெட் டோர்ட்டியா நாள்கணக்கில் மெத்தென்று இருக்கக் கூடுதல் பொருட்கள் சேர்க்கிறார்கள். அதில் நாக்கில் தட்டும் லேசான புளிப்பு, கெடாமலிருக்கச் சேர்க்கும் அமிலத்தால் வருவது.

அதனால் கபானா போனால் ஃபஹீதா வாங்குங்கள். இறைச்சியும் வதக்கிய வெங்காயமும் தனி, டோர்ட்டியா தனி. அவரவர் சுருட்டிச் சாப்பிடலாம். உள்ளே வைத்து மடித்த டாகோவாகப் பார்சல் கட்டினால், வீடு போவதற்குள் சாறு இறங்கி அடி பிய்ந்துவிடும்.

 

புவேனோவில் வாங்க வேண்டியது மூச்சாகோ. பீட்டா ரொட்டி மாதிரித் தடித்த ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, பீன்ஸ் (காயல்ல, ராஜ்மா மாதிரிப் பயறு), லெட்டூஸ், சீஸ். ரொட்டியின் தடிமன் சாற்றைத் தாங்கும் என்பதால் காரில் சாப்பிட இதுதான் வசதி.

சைவர்கள் இரண்டு கடையிலும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். மசித்து வதக்கிய பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் செய்வது அந்த ஊர் வழக்கம். புவேனோ 2018-இல் திவாலாகி சன் ஹோல்டிங்ஸிடம் போனது, கபானா 2021-இல் யாதவ் என்டர்பிரைசஸிடம். கை மாறிய கடைகளில் பழைய பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு முறையும் கவுன்டரிலேயே கேளுங்கள்.

மிஞ்சிய டோர்ட்டியாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். எண்ணெய் தடவாத தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி, பக்கத்துக்கு 20 விநாடி போட்டெடுத்து, துணியில் மூடி வையுங்கள்.