தாய்லாந்தில் ஸ்கூட்டி எடுக்கப் போகிறீர்களா? போலீஸ் வாய் திறக்காமலே வாங்கும் லஞ்சம்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து இப்போது தாய்லாந்து போகாத ஆளே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் போனபோது விசா தேவைப்படவில்லை, சென்னையிலிருந்து நேராக விமானம், ஏற்காடு போய் வருகிற மாதிரி கிளம்பிவிடுகிறோம். போங்கள், நல்ல ஊர்தான். ஆனால் அங்கே ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம் என்று பிளான் இருந்தால், கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ஒரே ராத்திரியில் ஒன்பதாயிரம் பாத் போனது. ஒரு பாத் இரண்டரை ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போன பணத்தைவிட அதை வாங்கிய விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவியின் தம்பி, அவனுடைய சிநேகிதர் பேரணாம்பட்டு பாய் ஒருவர், ஷூ அப்பர் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் எங்கள் ஊர் ஏஜென்ட் மூலம் போட்டது. ஏஜென்ட் பெயரை இங்கே போடவில்லை, போட்டால் வேறு தலைவலி. அவரிடம் கிளம்பும்போதே கேட்டேன், அங்கே வண்டி ஓட்ட இன்டர்நேஷனல் பர்மிட் எடுக்கணுமா சார் என்று. "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார், நம்ம ஊரு லைசென்ஸே போதும், எத்தனை பேரை அனுப்பியிருக்கேன்" என்றார். நான் அவரை நம்பாமல் ஆர்டிஓ ஆபீஸ் போய் எடுத்து வைத்துக்கொண்டேன். கட்டணம் ஆயிரம் ரூபாய்தான், ஒரு வருஷம் செல்லும். பாய் எடுக்கவில்லை. மச்சான் பின்னால் உட்கார்ந்து வருகிறவன், அவனுக்குத் தேவையில்லை.

ஊர் பெயர் வேண்டாம், ஒரு கடற்கரை ஊர். ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே வாடகை வண்டிக் கடை. இரண்டு ஸ்கூட்டி கேட்டோம். டெபாசிட்டாக ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடு என்றான். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேலை வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில். வைத்தியத்துக்கு வருகிற பங்களாதேஷ்காரர்களை தினமும் பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்ம் போட வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட்டை வாங்குவோம், ஸ்கேன் பண்ணியதும் அப்போதே கையில் கொடுத்துவிடுவோம். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே அவர்கள் கண் நம் கையை விட்டு நகராது. பாஸ்போர்ட்டிலேயே இது இந்திய அரசின் சொத்து என்று அச்சடித்திருக்கிறது, அதை வண்டிக் கடைக்காரன் டிராயரில் போட்டுப் பூட்டுவதற்கு நாம் யார்? என் வண்டிக்கு மூவாயிரம் பாத் ரொக்கமாக வைத்தேன், முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டான். பாய் ரொக்கம் வைக்க யோசித்துப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து வரும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ரோட்டில் தடுப்பு போட்டு நிறுத்தினார்கள். ஹெல்மெட் மூன்று பேருமே போட்டிருந்தோம். இரண்டு சீருடைக்காரர்கள், அவர்களோடு டீஷர்ட் போட்ட ஒருத்தன், கழுத்தில் ஏதோ அட்டை தொங்கியது, சுத்தமான இந்தி பேசினான். "பாய், க்யா ஹுவா" என்று சொந்தக்காரன் மாதிரி தோளில் கை போட்டான். அந்நிய ஊரில் நடுராத்திரியில் நமக்குப் புரிகிற பாஷையில் ஒருத்தன் பேசினால் யாருக்கும் ஒரு தெம்பு வரும்தானே, அந்தத் தெம்பைத்தான் அவன் காசாக்குகிறான்.

முதல் வேலையாக எங்களைப் பிரித்தார்கள். ஒரு போலீஸ்காரர் என்னை மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் பர்மிட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், டார்ச் அடித்துப் பார்த்தார், திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். என் பர்மிட்டில் ஒரு குறையும் கிடையாது. இந்தியா கொடுப்பது 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான பர்மிட், தாய்லாந்து அதில் சேர்ந்த நாடு. டூவீலருக்கான ஏ பிரிவுக்கும் என்னுடையதில் முத்திரை இருந்தது. (கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு பி மட்டும்தான் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டினால் பர்மிட் இல்லாத கணக்குதான்.) அவர் அதைப் படிக்கவில்லை, நேரத்தைக் கடத்தினார். அந்த நேரத்தில் இந்தப் பக்கம் டீஷர்ட்காரன் இவர்கள் இருவரையும் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது இதுதான், பாய் பிறகு வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் கோர்ட்டு. இன்றைக்கு வெள்ளி, கோர்ட்டு இனி திங்கள்தான். அதுவரை உள்ளே இருக்கணும். ஞாயிறு விமானம் போய்விடும். ஆளுக்குப் பத்தாயிரம் பாத், மூன்று பேருக்கு முப்பதாயிரம் கொடுத்தால் சாரிடம் நான் பேசி முடிக்கிறேன். பின்னால் உட்கார்ந்து வந்தவனுக்கும் எதற்குப் பத்தாயிரம் என்று கேட்டதற்கு, அவன் பையைத் திறந்து காட்டு, வேப் (இ-சிகரெட்) வைத்திருக்கிறானா பார்க்கணும் என்றான். வேப் கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கே மச்சான் பாதி செத்துவிட்டான். அதற்கும் காரணம் உண்டு, தாய்லாந்தில் இ-சிகரெட் சட்டப்படி தடை. ராத்திரிக் கடைகளில் விற்பதைப் பார்த்து ஏமாந்து வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம்தான் அந்த வாக்கியம். "உன் பாஸ்போர்ட் வண்டிக் கடையில்தானே இருக்கிறது, காலையில் போலீஸ் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடும்." பாய் அதுவரை பாஸ்போர்ட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு ஜெராக்ஸைத்தான் காட்டினார். ஒரிஜினல் ஹோட்டலில் இருக்கலாம், நண்பரிடம் இருக்கலாம். கடையில் இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? வண்டியைப் பார்த்தே எந்தக் கடை, யாருடைய பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்கிற வரைக்கும் தகவல் போயிருக்கிறது.

மச்சான் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினான், "மாமா, ஞாயித்துக்கிழம ஃபிளைட்டு கீது, குடுத்துட்டுப் போயிடலாம்." நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன். போலீஸ்காரர் குறுக்கே நின்றுகொண்டு பர்மிட்டையும் திருப்பித் தராமல் வைத்திருந்தார். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் பேரம் முடிந்து ஒன்பதாயிரத்துக்கு வந்துவிட்டது.

பணம் கைமாறிய விதத்தைக் கவனியுங்கள். ஸ்கூட்டி சீட்டின் மேல் நீளமான ஒரு ரிஜிஸ்டர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். டீஷர்ட்காரன் அதன் அட்டையை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்தான். நோட்டுகளை மடித்து அதற்கடியில் வைக்கச் சொன்னான். பாய் வைத்ததும் அட்டையை விட்டுவிட்டான், அவ்வளவுதான். யாரும் யார் கையிலிருந்தும் எதையும் வாங்கவில்லை. சீருடையில் இருந்தவர்கள் அந்தத் திசையில் பார்க்கக்கூட இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்தும் பணம் என்கிற பேச்சோ ஒரு எண்ணோ வரவில்லை. நம் ஊரில் லஞ்ச ஒழிப்புக்காரர்கள் ரசாயனப் பவுடர் தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள், வாங்கியவர் கையை ஒரு கரைசலில் கழுவினால் அது ரோஸ் கலராகும், பேப்பரில் வாராவாரம் படிக்கிறோம். இங்கே கழுவுவதற்குக் கையே இல்லை. எதிர்காலத்தில் ஏதாவது பிரச்சினை வந்தால் மாட்டப்போவது அந்த டீஷர்ட் மட்டும்தான், அவனும் "நான் மொழிபெயர்க்க வந்தவன்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

நான் போய் ரசீது கேட்டேன். அதுவரை கோர்ட்டு, உள்ளே வைப்போம் என்று மிரட்டிய கூட்டம் அடுத்த நிமிஷமே டார்ச்சை அணைத்துவிட்டு, போ போ என்று கையைக் காட்டியது. என் பர்மிட்டைக் கையில் திணித்தார்கள். நியாயமான அபராதமாக இருந்தால் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள், ஸ்டேஷனில் கட்டி ரசீது வாங்கலாம். பாய் மீது தப்பு இருந்தது உண்மை, பர்மிட் இல்லாமல் ஓட்டினார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது முறைப்படி கட்டினால் ஆயிரம் பாத் அளவில் முடிகிற விஷயம். பின்னால் உட்கார்ந்தவனுக்கும், பர்மிட் கையில் வைத்திருந்த எனக்கும் சேர்த்து விலை பேசியதற்குப் பெயர் அபராதமா?

ஹோட்டலுக்குப் போனதும் 1155-க்கு அடித்தேன். அது டூரிஸ்ட் போலீஸ் எண், இங்கிலீஷில் பேசலாம். இடம், நேரம், வண்டி எண், கடை பெயர் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். இந்த எண்ணைக் கிளம்புவதற்கு முன்னாலேயே உங்களுடன் வருகிற எல்லோர் போனிலும் ஏற்றி வைத்துவிடுங்கள். தடுப்பில் நிற்கும்போதே, அவர்கள் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டு அடியுங்கள். பிரித்து நிறுத்தப் பார்த்தால் போகாதீர்கள், எல்லோரும் ஒரே இடத்தில் நில்லுங்கள். முக்கியமாக, "எவ்வளவு ஆகும்" என்று நீங்களாக முதலில் கேட்காதீர்கள். அந்த டீஷர்ட் அதற்காகத்தான் காத்திருப்பான். லஞ்சம் கொடுப்பது அங்கேயும் குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை என்று அவர்கள் சட்டத்தில் இருக்கிறது, நாம் வாய் விட்டால் அதையே திருப்பிப் போட்டு விலையை ஏற்றுவார்கள். "ஸ்டேஷனுக்குப் போகலாம், சீட்டு எழுதுங்கள்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

டூரிஸ்ட்காரன் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று மச்சான் கேட்டான். 2023 ஜனவரியில் தைவான் நடிகை சார்லீன் ஆன், பாங்காக்கில் இதே மாதிரி ஒரு சோதனைத் தடுப்பில் தன்னிடம் 27,000 பாத் பிடுங்கினார்கள் என்று வெளியில் சொன்னார். முதலில் போலீஸ் மறுத்தது. விஷயம் பெரிதானதும் சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்கள் மீதே நடவடிக்கை வந்தது. நாம் நடிகையில்லை, சரி. ஆனால் அவர் வாய் திறந்து சொன்னதால்தான் அதுவும் வெளியே வந்தது.

மறுநாள் காலையில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அதே டீஷர்ட்காரன், கையில் ஐஸ் காபி. எங்களைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கடைக்காரன் பாஸ்போர்ட்டை ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தான், என் டெபாசிட்டில் மட்டும் கீறல் என்று ஐந்நூறு பாத் பிடிக்கப் பார்த்தான். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தேன், காட்டியதும் விட்டுவிட்டான்.

வியட்நாம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்த நாடு, நம் 1949 பர்மிட் அங்கே செல்லாது. ஆர்டிஓவில் எடுத்துவிட்டேன் என்ற தைரியத்தில் அங்கே பைக்கைத் தொடாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து அபராதங்களையும் அங்கே பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். விபத்து ஆனால் இன்ஷூரன்ஸ்காரனும் லைசென்ஸ் செல்லாது என்று கையை விரித்துவிடுவான்.

ஊருக்கு வந்து ஏஜென்ட்டைப் பார்த்தேன். "அங்க இதெல்லாம் சகஜம் சார், கோவிலுக்குப் போனா உண்டியல்ல போடற மாதிரி நினைச்சுக்கங்க" என்றார். வந்த கோபத்தில் பழைய பில்லை எடுத்துப் பார்த்தால், தாய்லாந்துக்குள் நுழையுமுன் ஆன்லைனில் நிரப்பும் படிவமான டிஜிட்டல் அரைவல் கார்டுக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டிருக்கிறார். 2025 மே முதல் எல்லோரும் அதை நிரப்ப வேண்டும் என்பது உண்மை, ஆனால் அவர்கள் அரசாங்க இணையதளத்தில் அது முழுக்க இலவசம், போனிலேயே நிரப்பிவிடலாம். அதைக் காட்டிச் சத்தம் போட்டதும் மூன்று பேருக்கும் நாலாயிரத்து ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். பர்மிட் வேண்டாம் என்று சொன்னதற்கு மட்டும், அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறார். நீங்கள் போட்ட பில்லிலும் அந்த ஆயிரத்து ஐந்நூறு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இருந்தால் விடாமல் கேளுங்கள்.