சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் ஒரு தோல் ஷாப்காரன்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்புகளில் முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவன் நான். இப்போது சத்துவாச்சாரியில் வீடு, வருடத்தில் மூன்று மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீடு. என்னைப் போல் அங்கே போய் வாரக்கடைசியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வேலூர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன யூத ஜெப ஆலயம். ஓய்வுநாள் ஆராதனைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கூப்பிட்டார். "மூணு மணி நேரம்பா, உட்காருவீங்களா?" என்றாள் மகள். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

வாசலில் காவலுக்கு ஆள் உண்டு, முன்னாடியே சொல்லிவிட்டுப் போங்கள். ஆண்கள் தலையில் வைத்துக்கொள்ளக் கூடையில் சின்னக் குல்லாய்கள் இருக்கின்றன. போன், போட்டோ கூடாது. காணிக்கைப் பையும் வராது, அன்று அவர்கள் பணத்தைத் தொடுவதில்லை.

தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்களை எபிரெயத்தில் எழுதிய தோல் சுருள். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசிக்கப் பத்துப் பேர் வேண்டும். அன்று ஒன்பது பேர்தான். என்னோடு பத்தாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். யூதராக இருக்க வேண்டுமாம், நான் கணக்கில் வரமாட்டேன். ஒருவர் தெருவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் கைத்தடி ஊன்றி ஒரு பாட்டி வந்தார். அந்தச் சபையில் பெண்களும் கணக்கு. அவருக்குக் கிடைத்த வரவேற்பு எங்கள் பிஷப்புக்குக்கூடக் கிடைத்ததில்லை.

அப்புறம் சுருளை எடுத்தார்கள். வாசித்து முடித்ததும் ஒருவர் அதைத் தூக்கி விரித்துக் காட்டுகிறார். இரண்டாம் வரிசையிலிருந்து பார்த்தேன், தையல் தெரிந்தது. விலங்கின் நரம்பைத் திரித்த நூலாம். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் எடுப்பது வரை நம் வேலைதான். அதற்குமேல் பதனிட ஆவாரம்பட்டையும் இல்லை, குரோமும் இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்துச் சுரண்டுகிறார்கள். நாம் ஷூவுக்கு மயிர்ப் பக்கத்தை வெளியே காட்டுவோம், அவர்கள் எழுதுவது சதைப் பக்கத்தில். மொத்தம் 3,04,805 எழுத்துகள், எல்லாம் இறகுப் பேனாவால் கையெழுத்து. ஓர் எழுத்து உடைந்தாலும் சரிசெய்யும்வரை அந்தச் சுருளை வாசிக்க எடுக்கக் கூடாதாம். எந்த ஷாப்பிலும் தரம் பிரிக்கும் செலக்ஷன் இவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை. எழுத்தில் விரல் படவும் கூடாது, நுனியில் குட்டிக் கை வைத்த வெள்ளிக்கோலால்தான் வரியைத் தொடர்கிறார்கள். ஆயிரக்கணக்கான தோலைத் தடவித் தடவியே தரம் சொன்ன கை, மடியில் சும்மா கிடந்தது.

அன்றைய பகுதி, நான்காம் ஆகமமான எண்ணாகமத்தில் பிலேயாமின் கழுதை பேசும் இடம். சண்டே ஸ்கூலில் கேட்ட கதை என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துப் பின்தொடர முடிந்தது. சுருளில் உயிர்க்குறிகளும் ராகக் குறிகளும் கிடையாது. வாசிப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒரு பையன் ஒரு சொல்லில் தடுக்கினான். பக்கத்தில் நின்றவர் சத்தமாகவே திருத்தினார், அவனும் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். கோபமில்லை, கூச்சமில்லை. எங்கள் கோவிலில் வேதபாடம் தப்பாக வாசித்தால் எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்ப்போம்.

குறை இல்லாமல் இல்லை. ஜெபப் புத்தகம் வலமிருந்து இடமாகப் புரள்கிறது. பக்க எண்ணை எப்போதாவதுதான் சொல்கிறார்கள், பாதி நேரம் நான் வேறெங்கோ இருந்தேன். ஏசி குளிர் வேறு, ஸ்வெட்டர் அவசியம். முடிந்ததும் திராட்சை ரசம், பின்னல் ரொட்டி, ஊறவைத்த மீன். ரொட்டி பிரமாதம். மீன் இனிக்கிறது, ஆம்பூர் பிரியாணி தின்ற நாக்குக்கு ஒத்துவராது.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். பாட்டி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அன்று பன்னிரண்டு பேர், என்னைச் சேர்க்காமல்.