ஒரு டிவி, இரண்டு கண்ட்ரோலர், டயாப்லோ 3

ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டயாப்லோ 3 வீடியோ கேம் டிஸ்க். பிளேஸ்டேஷன் 4க்கு 2014இல் வந்த அல்டிமேட் ஈவில் எடிஷன். கவரில் கீறல், டிஸ்க் சுத்தம். எங்கள் தோட்டத்தில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். கம்ப்யூட்டரில் இதே கேமுக்கு எப்போதும் இன்டர்நெட் வேண்டும், கன்சோலில் வேண்டாம். வாங்கியதே அதற்காகத்தான்.

ஒரே திரையில் 4 பேர் வரை விளையாடலாம், திரையைப் பிரிப்பதில்லை. நான் எடுத்தது க்ருசேடர் என்ற போர்வீரன், கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவேன். தம்பி எடுத்தது விட்ச் டாக்டர், அதாவது சூனிய வைத்தியன். பின்னாலிருந்து ஒரு ஜாடியை வீசுவான், உடைந்ததும் சிலந்திகள் கொட்டும். தேத்தண்ணியோடு வந்த அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பூச்சிய வளர்த்து விடுறானே, இவனெல்லாம் ஒரு வைத்தியனா?" என்றார். வலது ஸ்டிக்கைத் தள்ளினால் உருண்டு தப்பிக்கலாம். அது பழகிய பிறகுதான் கேம் ருசித்தது.

எரிச்சல் ஒன்றுதான், ஆனால் பெரிய எரிச்சல். கேமில் ஒருவர் தன் பொருட்கள் இருக்கும் பையைத் திறந்தால் மற்றவர் சும்மா காத்திருக்க வேண்டும். தம்பி ஒரு தொப்பியை மாற்ற யோசிக்கிற நேரத்தில் நான் ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டு முடித்துவிடுவேன். கதையா? நரகத்துப் பிசாசுகள், வானத்துத் தேவதைகள், வழக்கமானதுதான். நாங்கள் பாதிக் கதையைப் பார்க்காமல் தாண்டிவிட்டுத்தான் விளையாடினோம்.

தனியாக விளையாட வாங்குவதென்றால் யோசியுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் தாராளமாக வாங்கலாம், இரண்டாவது கண்ட்ரோலருக்கும் சேர்த்துக் காசு வையுங்கள்.