தோட்டத்து வீட்டுக் கழிவறைக்கு செப்டிக் டேங்கா, இரட்டைக் குழியா?

அழகர்மலை அடிவாரத்தில், கரண்ட் இல்லாத தோட்டத்தில் ஒற்றை அறை போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. இரண்டுமே சரிவில்தான் ஓடும், மோட்டார் தேவையில்லை.

செலவு: டேங்குக்கு செங்கல் கட்டு, உள்பூச்சு, மேலே சிலாப், தனியாக ஒரு உறிஞ்சுகுழி. இரட்டைக் குழிக்கு ஓட்டை விட்ட உறைகளும், பிரித்துவிட ஒரு சின்னத் தொட்டியும் போதும்.

தண்ணீர்: குடத்தில் சுமப்பவருக்குக் குழிதான். சரிவு அதிகமான கழிவறைப் பேசின் வைத்தால் 2 லிட்டரில் போய்விடும்.

பராமரிப்பு: இங்கேதான் விஷயமே. டேங்கை 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்ச வேண்டும். எங்கள் வண்டிப்பாதையில் டிராக்டரே திணறும், லாரி எங்கே வர? குழி என்றால், ஒன்று நிறைந்ததும் தொட்டியில் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறந்துவிடலாம். மூடியது 2 வருஷம் கிடந்தால் மக்கி, வாடையில்லாத கருப்பு மண்ணாகிவிடும். தென்னைக்குப் போடலாம்.

மண்: செம்மண்ணில் குழி ஜோராக வேலை செய்யும். மேலூர்ப் பாறையிலும் திருமங்கலம் தாண்டிய கரிசலிலும் தண்ணீர் இறங்காமல் தேங்கும். கிணறு 15 மீட்டருக்குள் இருந்தால் குழியே வேண்டாம். டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் அதே கணக்குத்தான், பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாரக் கடைசியில் நாலு பேர் வந்து போகிற இடமென்றால் இரட்டைக் குழி. குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்கி, லாரி வர ரோடும் இருந்தால் டேங்க். குளிக்கிற தண்ணீரை மட்டும் இரண்டிலும் விடாதீர்கள், வாழைக்குத் திருப்புங்கள்.